கடைசி அறையின் படம்

மவுஸால் கிளிக் செய்து ஆடும் ஒரு பழைய சாகச கேமை, ரசிகைகளான நானும் பாத்திமாவும் மூன்று வருடமாகப் புதிதாகச் செய்துகொண்டிருந்தோம். புரோகிராம் நான், படங்கள் அவள். அந்தமானில், பாம்பூஃப்ளாட்டில் இருக்கும் அவள் வீட்டில் நெட் இழுக்காது. படங்களை பென் டிரைவில் போட்டு, ஃபெர்ரியில் என் பக்கத்துச் சாத்தம் படகுத்துறைக்கு வந்து தருவாள்.

“முடியிற வரைக்கும் யாருக்கும் காட்டாதடி. கேமோட உரிமைக்காரங்க பார்த்தா பந்த் பண்ணிடுவாங்க” என்று சொல்லியிருந்தாள்.

பாராட்டுக்கு ஆசைப்பட்டு நான்கு படங்களை இணையத்தில் போட்டேன். ஒரே வாரத்தில், நிறுத்தச் சொல்லி உரிமைக்காரர்களிடமிருந்து நோட்டீஸ் வந்தது. படங்களை அவசரமாக அழித்தேன்.

மறுநாள் படகுத்துறையில் பென் டிரைவை நீட்டினாள். “கடைசி ரூம் படமும் முடிஞ்சிருச்சு!”

நோட்டீஸைக் காட்டினேன்.

“அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?”

“தெரியலையே.”

நீட்டிய பென் டிரைவைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். பிறகு என் தோளைத் தொட்டு, “விடுடி, நீ என்ன பண்ணுவே?” என்றாள்.

இன்றும் அவள் அவர்களைத் திட்டும்போதெல்லாம் நானும் சேர்ந்து திட்டுகிறேன்.