சோப்பில் சிவக்கும் வேர்

காலை ஏழு பத்து. குன்றத்தூரில் நாட்டு மருந்துக் கடையின் ஷட்டர் பாதிதான் ஏறியிருந்தது. உள்ளே முதலில் கண்ணில் பட்டது, செய்தித்தாளில் சுற்றிய ஒரு பிடி வேர். நூல்போல மெல்லியது, செம்மஞ்சள் நிறம். இம்பூறல். சாயவேர் என்றும் சொல்வார்கள். ஒரு காலத்தில் துணிக்குச் சிவப்பு ஏற்றியது இதுதான். முகர்ந்து பார்த்தேன். காய்ந்த மண் வாசனை. கடைக்காரர் விலை சொல்வதற்குள் என் மனசு ஒரகடம் கம்பெனி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டது.

பத்திரிகை வேலைக்கு வருமுன் அங்கே கார்களுக்கு வயர் கட்டும் லைனில் இரண்டு வருடம் இருந்தேன். பக்கத்து இருக்கை ஸ்டெல்லா, சேரப்பணஞ்சேரிப் பெண். இருமலுக்கு அவள் வீட்டில் இந்த வேர்தான்: இடித்து அரிசி மாவில் கலந்து அடை, கொதிக்க வைத்துக் கஷாயம். அடையில் ஒரு துண்டு எனக்கும் வரும். இருமலே இல்லாமல் தின்றவள் நான்.

ஒருநாள் பஸ் குலுங்கியதில் கஷாயம் அவள் கர்சீப்பில் கொட்டியது. கேன்டீன் குழாயடியில் சோப்பு போட்டாள். மஞ்சள் கறை நொடியில் சிவந்தது.

“இன்னாடி, கம்பெனிக்குள்ளயே வெத்தலையா?” என்றாள் பின்னால் நின்ற லைன் லீடர்.

“வேருதான்க்கா. சோப்பு பட்டா செவக்கும்.”

அதன்பின் அவள் கர்சீப்பில் சிவப்பைப் பார்த்தால் யாரும் கேட்பதில்லை. நானும்தான். எதையும் கூர்ந்து பார்ப்பவள் என்று எனக்கு ஒரு பெயர் வேறு.

மூன்று வாரம் கழித்து, அதே குழாயடி. இருமிவிட்டுக் கர்சீப்புக்குச் சோப்பு போட்டாள். சிவப்பு கரைந்து ஓடிவிட்டது, துணி வெள்ளை. சாயம் அப்படிப் போகாது.

“ரத்தமாடி?”

குழாயை இன்னும் திறந்துவிட்டாள். “சத்தம் போடாதக்கா. அடுத்த மாசம் பர்மனென்ட் லிஸ்ட். லீவு போட்டா என் பேர எடுத்துடுவாங்க. வேருதான் குடிச்சிகினு கீறேனே, கேக்கும்.”

“இருமலுக்குக் கேக்கும். உள்ள இன்னா கீதுன்னு அதுக்குத் தெரியுமா?”

மறுநாள் இரண்டு பேரும் லீவு போட்டோம். அரசு ஆஸ்பத்திரியில் சளி எடுத்துப் பார்த்தார்கள். காசநோய். மாத்திரை ஆறு மாதம். கம்பெனி அவளை நீண்ட விடுப்பில் அனுப்பியது. பட்டியலும் மாதாமாதம் தள்ளிப் போனது. ஸ்டெல்லா ஒரு வேளை மாத்திரைகூட விடவில்லை, கூடவே அடையும். குணமானதும், “வேருதான்க்கா கேட்டுச்சு,” என்றாள்.

அவள் வேலைக்குத் திரும்பிய வாரம் எங்கள் லைனை மூடினார்கள். பர்மனென்ட் பட்டியல் கடைசிவரை ஒட்டப்படவில்லை.