பத்துத் தட்டிக்குள் ஆறு பேர்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எனக்குக் கோர்வையாக எழுத வராது. மூன்றாம் வகுப்போடு நின்றவள். மறதியும் அதிகம், எந்த வருஷம் என்று கேட்டால் விழிப்பேன். சபையில் பழைய நாட்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நாலு பேர் முன்னால் நின்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

தங்க வயலில் பிளேக் வந்த புதிது. எங்கள் லைனில், கம்பெனி கட்டிவிட்ட வரிசை வீடுகளில், எலிகள் செத்து விழ ஆரம்பித்தன. லைனைக் காலி செய்யச் சொல்லி, அப்பால் இருந்த மேட்டில் வெட்டவெளியைக் காட்டி, குடிசை போட்டுக்கொள்ளுங்கள் என்றார்கள். எங்களுக்குப் பத்துத் தட்டி கொடுத்தார்கள். மூங்கிலைப் பிளந்து பின்னிய தட்டி, ஒவ்வொன்றும் ஆறடி நீளம். கூரைக்குப் புல்லும் உண்டு. என் வீட்டுக்காரர் சுரங்கத்தில் ஷிப்டு முடித்து வந்த அலுப்பில், சரிவில் கல்லைத் தோண்ட முடியாமல், சமமாகக் கிடந்த ஒரு கீற்று நிலத்தில் நீளவாக்கில் வீட்டைப் போட்டார். நீளத்துக்கு நாலு தட்டி, அகலத்துக்கு ஒரே தட்டி. ரயில் பெட்டி மாதிரி இருந்தது.

அதற்குள் ஆறு பேர். நாங்கள் இரண்டு பேர், எங்கள் பெண்கள் இரண்டு பேர், என் தங்கை, அவளுடைய எட்டு மாதக் குழந்தை. தங்கை புருஷன் ஊருக்குப் போனவன். திரும்பி வரும்போது பவுரிங்பேட்டை ஸ்டேஷனில் பிளேக் என்று தடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். அதனால் அவளை நான்தான் வைத்துக்கொண்டிருந்தேன்.

பள்ளிக்கூடத்தையும் மூடிவிட்டார்கள். மூடுகிற அன்றைக்கு வாத்தியார் என் பெரியவளிடம், சுற்றளவையும் பரப்பையும் வீட்டில் போட்டுப் பழகு, மறந்துவிடாதே என்று சொல்லியிருந்தார். அவள் நாலாம் வகுப்பு. என்னைவிட ஒரு வகுப்பு மேலே. ஆனாலும் நான்தான் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பேன். கரித்துண்டால் பலகையில் கோடு போட்டு, பாயை அளக்கச் சொல்வேன், அம்மிக்கல்லைச் சுற்றி நூல் பிடிக்கச் சொல்வேன். சின்னவளுக்கு வாய்ப்பாடு. உண்மையைச் சொன்னால் அவர்கள் படிப்புக்காக மட்டும் இல்லை. மேட்டுப் பாதையில் பிணவண்டி போகும். அந்தச் சக்கரச் சத்தம் கேட்டால், "ஏழாம் வாய்ப்பாடு சொல்லுங்கடி, சத்தமா!" என்பேன். அவர்கள் கத்துவார்கள். வண்டி கடந்து போகிற வரைக்கும் நானும் சேர்ந்து கத்துவேன்.

சுற்றளவு எனக்குத் தெரியும், நாலு பக்கத்தையும் கூட்டினால் வந்துவிடும். பரப்புதான் தகராறு. நீளத்தை அகலத்தால் பெருக்க வேண்டும் என்று தெரியும், எதற்கு என்று தெரியாது. அங்கே எல்லாரும் வீட்டைத் தட்டிக் கணக்கில்தான் சொல்வார்கள். அது எட்டுத் தட்டி வீடு, இது பத்துத் தட்டி வீடு என்று. அதை வைத்துக்கொண்டு நானும் பெரியவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன்: சுற்றி ஒரே அளவு என்றால் உள்ளேயும் ஒரே அளவுதான்.

ஒரு நாள் காலையில், அவர் வேலைக்கு இறங்கிப் போன பிறகு, தமுக்கு அடித்துக்கொண்டு ஒருவன் வந்தான்.

"வீட்டுல ஆளுக்கு முப்பத்தாறு சதுர அடி இருக்கணும்! கூரைக்குக் கீழ இருக்கிற எடந்தான் கணக்கு! நாளைக்குக் காலைல அளக்க வருவாங்க! மிஞ்சின ஆளு கொட்டகைக்குப் போவணும்!"

கொட்டகை என்றால், நோய் கண்ட வீட்டு ஆட்களைக் கொண்டுபோய் வைக்கிற இடம். நோயில்லாமல் உள்ளே போனவர்களும் வெளியே வரவில்லை என்று தண்ணீர் பிடிக்கிற இடத்தில் பேசிக்கொள்வார்கள். ஆனால் பக்கத்து வீடும் பத்துத் தட்டிதான். அதை முந்தின நாளே மேஸ்திரி பார்த்து, ஆறு பேர் இருக்கலாம் என்று சொல்லியிருந்தார். அப்படியென்றால் நமக்கும் ஆறு பேர்தான் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

பெரியவள் தரையில் எதையோ கிறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, ஆளுக்கு முப்பத்தாறுன்னா ஆறாறு முப்பத்தாறு. ஒரு தட்டி நீளம், ஒரு தட்டி அகலம், ஒரு கட்டம். நம்ம வீட்ல நாலு கட்டந்தாம்மா வருது."

நான் அவள் வாயைப் பொத்தினேன். தட்டிச் சுவர், பக்கத்து வீட்டில் பெருமூச்சு விட்டாலும் இங்கே கேட்கும்.

"நாலுதாம்மா," என்றாள் விரலிடுக்கு வழியாக. பளார் என்று ஒன்று வைத்துவிட்டேன்.

தங்கை குழந்தையோடு ஓடி வந்தாள். "இன்னாக்கா, ஏன் அவள அடிக்கிறே?"

"கணக்கத் தப்பாப் போடறா."

"தப்பாப் போட்டா சொல்லிக் குடு."

பெரியவள் போட்டதுதான் தப்பு என்று காட்டுவதற்காகவே துடைப்பத்திலிருந்து ஈர்க்குச்சியை உருவி, ஒரே அளவாகப் பத்துத் துண்டு ஒடித்தேன். எங்கள் வீடு மாதிரி வைத்தேன். உள்ளே கட்டம் எண்ணினேன், நாலு. அதே பத்துத் துண்டைக் கலைத்து, பக்கத்து வீடு மாதிரி வைத்தேன். நீளத்துக்கு மூன்று, அகலத்துக்கு இரண்டு. எண்ணினேன், ஆறு. மறுபடி கலைத்து மறுபடி வைத்தேன். குச்சி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. உள்ளே மட்டும் இரண்டு கட்டம் கூடிவிட்டது.

தங்கை நின்றபடி பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் படிப்பு கிடையாது, ஆனால் புரிந்துவிட்டது. "ரெண்டு பேரு மிச்சம். நானும் இதுவும்," என்றாள். அழவில்லை. கொடியில் கிடந்த குழந்தையின் துணியை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு எங்கிருந்தோ தைரியம் வந்தது. தைரியம்கூட இல்லை, அது இன்னொரு பயம்.

அவரைக் கேட்காமல் நான் ஒரு பானையைக்கூட இடம் மாற்றியதில்லை. கேட்க வேண்டுமென்றால் அவர் கேஜில், அதாவது சுரங்கக் கூண்டில், ஏறி மேலே வர வேண்டும், அதற்குச் சாயங்காலம் ஆகிவிடும். நான் கடப்பாரையை எடுத்தேன்.

குச்சியில் செய்ததைப் பெரியவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். நீளப் பக்கம் ஒவ்வொன்றிலும் ஒரு தட்டியைக் கழற்ற வேண்டும், ஒரு ஓரச் சுவரை அந்த அளவு உள்ளே நகர்த்த வேண்டும், முன் சுவரை ஒரு தட்டி தூரம் தள்ளி நட வேண்டும், கழற்றினதை இரண்டு ஓரத்திலும் வைத்துக் கட்ட வேண்டும். நானும் தங்கையும் கல்லைப் பெயர்த்துச் சரிவை மட்டம் செய்தோம். கன்னம் சிவந்திருந்தவள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை.

பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்தாள். "இன்னாடி இது, போட்ட வீட்டப் பிரிக்கிறீங்க? உள்ள எலி கிலி செத்துச்சா?"

எலி என்ற பேச்சு வெளியே போனால் எல்லாருக்கும் கொட்டகைதான். தங்கைதான் பதில் சொன்னாள். "எலியுமில்ல, பெருச்சாளியுமில்லக்கா. காத்து வரல, அதான்."

மத்தியானம் தாண்டிச் சுவர் நின்றது. பழைய கூரையை மேலே தூக்கி வைத்தோம். பாதி வானம் தெரிந்தது. நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சுவருக்குத் தட்டி போதும், கூரைக்குப் புல் போதாது. கூரைக்குக் கீழே இருக்கிற இடம்தான் கணக்கு என்று தமுக்குக்காரன் சொன்னது காதிலேயே நின்றது. சுற்றளவு வேறு, பரப்பு வேறு என்பது அப்போதுதான் எனக்குக் கண்ணால் தெரிந்தது.

"அதே தட்டி, கூரை மட்டும் எங்கடி போச்சி? ஆடு மேஞ்சிடுச்சா?" என்று அந்த அக்கா சிரித்தாள். சிரித்துக்கொண்டே என் முகத்தைப் பார்த்தவள் சட்டென்று நிறுத்திக்கொண்டாள். உள்ளே போய் நாலு கோணிப்பை கொண்டுவந்து போட்டாள். "யார் குடுத்தாங்கன்னு சொல்லிக்கினு இருக்காத," என்றாள். எங்களிடமும் கோணி இருந்தது. எல்லாவற்றையும் பிரித்துத் தைத்தோம்.

சாயங்காலம் அவர் வந்தார். கொஞ்ச தூரத்திலேயே நின்றுவிட்டார். "நான் வூடு மாறி வந்துட்டனா?" என்றார். பெரியவள்தான் குச்சிகளை வைத்துக் காட்டினாள். அவர் வெகுநேரம் குச்சியைப் பார்த்தார், பிறகு தங்கையைப் பார்த்தார். மேலே ஏறி, கோணியை இழுத்துக் கட்டினார்.

மறுநாள் காலையில் ஒரு குமாஸ்தா நாடாவோடு வந்தார். கூட ஒரு சேவகன். நாங்கள் ஆறு பேரும் வெளியே வரிசையாக நின்றோம். நீளம் பதினெட்டு அடி, அகலம் பன்னிரண்டு அடி வரும் என்று நாங்கள் போட்டிருந்தோம். மூலையிலும் நடுவிலும் ஒரு தட்டிமேல் இன்னொரு தட்டியை ஏற்றிக் கட்டினால் அளவு குறையும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

"பதினேழரை. பதினொண்ணரை," என்றார் குமாஸ்தா. "அரைய விட்டுடு. பதினேழு, பதினொண்ணு."

அவர் பென்சிலை எடுப்பதற்கு முன்பே பெரியவளின் உதடு அசைந்தது. அவள் முகம் வெளுத்ததைப் பார்த்தேன். அதிலேயே விடை தெரிந்துவிட்டது.

"நூத்து எண்பத்தேழு. அஞ்சு ஆளு. ஏழு அடி மிச்சம்," என்று அவர் படித்தார். பிறகு எங்களை எண்ணினார். ஒன்று, இரண்டு என்று விரலை நீட்டிக்கொண்டே வந்து தங்கையிடம் நின்றார். அவள் குழந்தையை மார்போடு இறுக்கினாள், அது வீறிட்டது. ஏழு அடியில் அந்தக் குழந்தை படுக்காதா என்று கேட்க வேண்டும்போல இருந்தது.

"எத்தினி மாசம்?" என்றார்.

"எட்டு," என்றார் என் வீட்டுக்காரர்.

"கைப்பிள்ளையத் தனியா எண்றதில்ல. தாயோட சேத்திதான். அஞ்சு," என்று சொல்லி, சுண்ணாம்புக் கட்டியால் தட்டியில் ஐந்து என்று எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

தங்கை மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். பழைய வீடாக இருந்திருந்தால், குழந்தையைக் கணக்கில் சேர்க்காவிட்டாலும் மிஞ்சிப் போனால் நாலு பேர்தான். அவள் அதை எடுத்துக்கொண்டு கொட்டகைக்கு நடந்திருப்பாள். அன்று காலையில் கீழ் வரிசையில் இருந்து இரண்டு பேர் மூட்டையோடு போனார்கள். யார் என்று பார்க்க நான் வெளியே வரவில்லை.

லைனுக்குத் திரும்பிப் போகிற வரை தங்கை எங்களோடுதான் இருந்தாள். ஆனாலும் நாடாவோடு யார் நடந்தாலும் நான் வீட்டில் இருக்கிற தலைகளை எண்ண ஆரம்பித்துவிடுவேன். பெரியவளிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அந்தக் காலத்தில் பிள்ளைகளிடம் கேட்கிற வழக்கம் இல்லை. பரப்புக் கணக்கை மட்டும் அதற்குப் பிறகு அவள்தான் சின்னவளுக்குச் சொல்லிக்கொடுத்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொள்வேன்.

ஆளுக்கு முப்பத்தாறு அடி என்று எழுதியிருக்கிறேன். அது தமுக்கில் சொன்னதா, தட்டி ஆறடி என்பதால் என் மனதில் அப்படிப் பதிந்துவிட்டதா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. கைப்பிள்ளையை எண்ணக் கூடாது என்பது சட்டமா, அந்தக் குமாஸ்தாவின் இரக்கமா, அதுவும் தெரியாது. யாரிடமாவது அந்த நாளைய காகிதம் இருந்தால் பார்த்துச் சொல்லுங்கள். பெருக்கலையும் ஒரு தரம் போட்டுப் பார்த்துவிடுங்கள்.