சோறு விட்ட நீக்கிலாஸ்

டென்மார்க்கின் பிராண்டேயில் காற்றாலை இறக்கைகளுக்குப் பெயின்ற் அடிக்கிற தொழிற்சாலையில் நீக்கிலாசுக்கு வேலை. வயது ஐம்பத்திரண்டு, நிறை தொண்ணூற்றெட்டுக் கிலோ. கடைக்கு நானூறு மீற்றர்தான். அதற்கும் கார் எடுப்பார்.

2009ஆம் ஆண்டு வன்னியில் சண்டை இறுகியபோது அவர் மனைவி மரியநாயகியின் தம்பி சவரிமுத்து குடும்பத்தோடு உள்ளே அகப்பட்டிருந்தான். வேலை விட்டு வந்ததும் இருவரும் ரீவிக்கு முன்னால் இருந்துவிடுவார்கள். அவளுக்குத் தொண்டையால் ஒன்றும் இறங்காது. அவருக்கோ கவலை வந்தால் கை தானாகச் சட்டிக்குப் போகும். அவள் ஒதுக்கிய சோற்றையும் தானே சாப்பிட்டு முடிப்பதை அவர் கவனிக்கவே இல்லை. மே மாதம் சண்டை முடிந்தது. சவரிமுத்து செட்டிகுளம் முகாமில் உயிரோடு இருக்கிறான் என்று ஜூனில்தான் தெரிந்தது. அதே கிழமை நீக்கிலாசுக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, என்பதும் தெரிந்தது.

டொக்டர் குளிசை எழுதினார். சாப்பாட்டு விஷயத்தை அங்கிருந்த தாதி விளங்கப்படுத்தினாள். சோறு, பாண், உருளைக்கிழங்கு மூன்றையும் நன்றாகக் குறைக்க வேண்டும், நாளுக்கு அரை மணித்தியாலமாவது உடம்பை அசைக்க வேண்டும்.

நீக்கிலாஸ் முதல் பாதியை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தார். சோறு கூடாதென்றால் மற்றதெல்லாம் கூடும் என்பது அவர் தீர்ப்பு. காலையில் ஆறு முட்டை, அதன் மேல் சீஸ். மத்தியானம் ஒரு கோப்பை மாட்டிறைச்சிப் பிரட்டல். பின்னேரம் பன்றிப் பொரியல்.

"என்னப்பா, இது பத்தியமோ கலியாண வீடோ?" என்றாள் மரியநாயகி.

"விளங்காமல் கதையாதையும். இதிலை ஒரு பருக்கை சோறு கிடக்கோ?"

மூன்று கிழமையில் நிறை நூறைத் தொட்டது. தாதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டு, மறுபடியும் மெசினைப் பார்த்தாள். "எவ்வளவு நடந்தீர்கள்?"

"காருக்குப் போக நடந்தனான்" என்று டேனிஷில் மெதுவாகச் சொன்னார்.

அவமானம் அவரை மற்றப் பக்கத்துக்குத் தள்ளியது. பழைய சைக்கிளொன்று வாங்கினார். ஜூலை மாதம் ஒரு சனிக்கிழமை குளிசையையும் வெறும் தேத்தண்ணியையும் குடித்துவிட்டு ஹேர்னிங் வீதியில் மிதிக்கத் தொடங்கினார். வெறுவயிற்றில் ஓடினால் கொழுப்பு இரட்டிப்பாகக் கரையும் என்று நினைப்பு. எதிர்காற்று. பன்னிரண்டாவது கிலோமீற்றரில் கை நடுங்கியது, குளிர்ந்த வேர்வை ஓடியது, பக்கத்து வாற்கோதுமை வயல் தலைகீழாகச் சுற்றியது. சைக்கிளைப் போட்டுவிட்டு வாய்க்கால் கரையில் சரிந்தார்.

அப்போது போன் அடித்தது. யாரிடமோ இரவல் வாங்கின போனில் சவரிமுத்து.

"அத்தான், அக்கா எடுக்கிறாவில்லை. வேலையோ?"

"ஓம் தம்பி."

"என்ன, இப்பிடி மூச்சு வாங்குது? சாப்பிட்டனீங்களோ?"

முகாமில் சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்கிறவனுக்கு என்ன சொல்வது? பொய் சொல்லத்தான் நினைத்தார். நாக்குக்கு அந்தத் தென்பும் இல்லை.

"இல்லையடா. சோறு விட்டிட்டன். வயித்தைக் குறைக்கச் சைக்கிள் ஓடி இப்ப வாய்க்காலுக்கை கிடக்கிறன்."

சொன்ன பிறகுதான் நீக்கிலாஸ் தன்னைத் தானே திட்டிக்கொண்டார். மறுபக்கம் விம்முவதுபோல ஒரு சத்தம். அழுகிறான் என்றே நினைத்தார். சவரிமுத்து சிரித்தான்.

"அத்தான், இஞ்சை சோத்தைத் தவிர ஒண்டும் இல்லை. அங்கை சோத்தைத் தவிர எல்லாம் கிடக்கு. மாத்துவமோ?" பின்னால் வேறு ஆட்களும் சிரித்தார்கள். "வரிசையிலை நிக்கிற சனம் கேக்குது, ஆள் எழும்பிட்டாரோ எண்டு."

"இன்னும் இல்லை."

"முதல் எதையாவது தின்னுங்கோ." குரல் மாறியது. "இனியும் ஒரு ஆளைப் பறிகுடுக்க என்னாலை ஏலாது, அத்தான்."

எதிர்ப் பண்ணையிலிருந்து ஒரு கிழவி ஓடிவந்து தோடம்பழச் சாறும் பேக்கரியில் வாங்கின இரண்டு கறுவாப் பணிசும் கொடுத்தாள். மாவா, சீனியா என்று விசாரிக்காமல் ஒன்றை விழுங்கினார். அவர் போனில் சொல்ல, வேலை முடிந்து காரில் வந்த மரியநாயகி முதலில் ஏசினாள். பிறகு போன் கதையைக் கேட்டதும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சிரிச்சவனோ? உண்மையாச் சிரிச்சவனோ?"

மூன்று தரம் சொல்ல வேண்டியிருந்தது. அழுது முடித்து, மிச்சமிருந்த பணிசை அவளே எடுத்து முழுதாகச் சாப்பிட்டாள்.

அடுத்த முறை தாதி சொன்ன இரண்டு பாதிகளையும் நீக்கிலாஸ் கேட்டார். காலையில் ஒரு முட்டையும் கறுப்புப் பாண் துண்டும், மத்தியானம் ஒரு கைப்பிடி சோறு, நிறைய மரக்கறி, பின்னேரம் அரை மணித்தியாலச் சைக்கிள். டிசம்பரில், நத்தாருக்கு முன், நிறை தொண்ணூற்றொன்றுக்கு இறங்கியது. மரியநாயகியும் ஒரு சைக்கிள் வாங்கினாள். எப்போதும் பின்னால்தான் வருவாள். தான் முன்னால் போனால் இந்த மனிதர் பேக்கரிப் பக்கம் திரும்பிவிடுவார் என்பது அவள் கணிப்பு.