தென்னேரிக் கரையில் அப்பாண்டை

எங்கள் அப்பாண்டை சைக்கிளில் ஏறினால் காஞ்சிபுரமே ஒதுங்கி வழிவிடும். அவன் மணியடித்தால் கோயில் யானை ஓரம் கட்டும். மெட்ராஸ் பஸ் அவன் கிளப்பிய புழுதியைக் குடித்துக்கொண்டே பின்னால் வரும். ஒருமுறை அவன் போன வேகத்தில் அவன் நிழல் ஒலிமுகமதுபேட்டையில் தவறிப்போய், மறுநாள்தான் வந்து சேர்ந்தது.

இதில் மணி மட்டும் நிஜம். முசரவாக்கத்திலிருந்து அவன் டவுனுக்கு வருவதற்குள் மாட்டுவண்டிகள்கூட அவனைத் தாண்டிப் போய்விடும். காரணம் எறும்பு. ரோட்டுக்குக் குறுக்கே எறும்பு வரிசை போனால் இறங்கி, சைக்கிளைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்து, மறுபடி ஏறுவான். அவர்கள் ஜைனர்கள், நெல் வியாபாரம். எதிரே வருகிற லாரி அவன் கண்ணுக்குத் தெரியாது, எறும்பு தெரியும்.

நான் செவிலிமேட்டு முனுசாமி. எட்டாவதோடு படிப்பை விட்டுவிட்டுச் சபாபதி கடையில் பஞ்சர் ஒட்டுகிறேன். சக்கரத்தில் காற்று முழுசாக இருக்கும்போதே அவன் காற்றடிக்க வருவான். பேசத்தான் வருகிறான் என்று எனக்குத் தெரியும். தெரிந்ததாகக் காட்டிக்கொள்வதில்லை.

போன மாசியில் அவனுக்கு ஓர் ஆசை வந்தது. தென்னேரி ஏரிக்கரையில் உட்கார்ந்து, சூரியன் தண்ணீருக்குள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட வேண்டும். அங்கேயே படுத்து, காலையில் திரும்ப வேண்டும். பதினேழு வயசாகியும் அவன் ஒரு ராத்திரிகூட வெளியே தங்கினதில்லை. அவனுடைய அம்மா தயாவதி மூன்று நாள் யோசித்துச் சம்மதித்தார். ஆளுக்கொரு துணி முடிச்சில் பொரிவிளங்கா உருண்டை கட்டிக் கொடுத்துவிட்டு, என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"பொழுது சாயறதுக்கு முன்னாடி அவனச் சாப்புட வெச்சிடுப்பா. இருட்டிப்போச்சுன்னா வாயில ஒண்ணும் வெக்க மாட்டான்."

அது அவர்கள் வீட்டு வழக்கம். விளக்கு வைத்தபின் சாப்பாடு கிடையாது. விளக்குக்கு வரும் பூச்சி சோற்றில் விழுந்து செத்துவிடக் கூடாதாம். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

மத்தியானமே அவன் சைக்கிளில் கிளம்பினோம். என் முடிச்சை ஜோல்னாப் பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு நான் பின்னால் உட்கார்ந்தேன். வாலாஜாபாத் போவதற்குள் எறும்புக்காக நான்கு முறை இறங்கினான். பசித்தாலும் உருண்டையைத் தொடவில்லை, கரையில் போய்த்தான் என்றான். ஊரைத் தாண்டி இரண்டு மைல் போனதும் ஒரு கிணற்றடியில் நின்றோம். அவன் துணியில் தண்ணீர் வடிகட்டிக்கொண்டிருந்தான். எனக்குக் கை அரித்தது. அவன் பின்சக்கரத்து வால்வைத் திருகி, காற்றைப் பிடித்து வைக்கிற சின்ன ரப்பர் குழாயை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். வால்டியூப் என்போம். சக்கரம் உஸ்ஸென்று உட்கார்ந்தது. பத்து நிமிஷம் அவனைத் தவிக்கவிட்டு, பிறகு மாட்டிக் கொடுத்து, பெரிய மெக்கானிக் என்று பேர் வாங்குவது என் திட்டம்.

சட்டைப் பையில் கைவிட்டால், ஓட்டை வழியாக விரல்தான் வெளியே வந்தது. குழாயைக் காணோம். தரையெல்லாம் தடவிப் பார்த்தேன். பஞ்சர் ஒட்டுகிறவன், அரை அங்குல வால்டியூப்கூட உபரியாக எடுத்துக்கொள்ளாமல் கிளம்பியிருக்கிறேன். பழசு, பிய்ந்து எங்கேயோ தெறித்துவிட்டது என்று அவனிடம் புளுகினேன். அப்படியே நம்பினான். வாலாஜாபாத்துக்கே திரும்பத் தள்ளிக்கொண்டு வந்தோம். சைக்கிள் கடைக்காரர் வீட்டுக்குப் போயிருந்தார். அவர் வருவதற்குள் கடைக் கதவில் இருந்த எலெக்‌ஷன் எழுத்தைப் பத்து முறை படித்தேன். சூரியன் எனக்காக நிற்கவில்லை. அப்பாண்டை என்னைத் தேற்றிக்கொண்டிருந்தான்.

புதுக் குழாய் மாட்டிக்கொண்டு வந்து கரை ஏறியபோது தண்ணீர் கறுத்துவிட்டது. மேற்கே ஒரு கோடு சிவப்பு மிச்சமிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதுவும் போயிற்று. அவன் தன் முடிச்சை அவிழ்க்கவில்லை.

"பரவால்லடா, காத்து நல்லா இருக்குது. நீ சாப்புடு" என்றான்.

அவன் வயிறு சத்தம் போட்டது. தவளை என்று இருவரும் பேசிக்கொண்டோம்.

என்னால்தான் அவன் பட்டினி. நான் எப்படிச் சாப்பிடுவது? சாப்பிடவில்லையென்றால் ஏன் என்று கேட்பான், உண்மையைச் சொல்ல வேண்டி வரும். அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஒரு வேப்பங்குச்சியைக் கடக்கடக்கென்று மென்றேன். உருண்டையில் வெல்லம் தூக்கல், உங்கம்மா கையே கை என்றேன். வாயெல்லாம் கசந்தது. ஓர் ஏப்பமும் விட்டேன்.

விடிந்து கண்ணைத் திறந்தபோது அவன் என் ஜோல்னாப் பைக்குப் பக்கத்தில் குந்தியிருந்தான். கரைச் சரிவிலிருந்து ஓர் எறும்பு வரிசை நேராக அந்தப் பைக்குள் போய்க்கொண்டிருந்தது.

"உள்ள மாட்டிக்கினு சாவும்டா" என்று முடிச்சை எடுத்துப் பிரித்து, ஒன்றுகூட நசுங்காமல் ஊதி ஊதி இறக்கிவிட்டான். உருண்டைகள் அவன் அம்மா கட்டியபடியே இருந்தன. அப்புறம் பையைத் தலைகீழாகப் பிடித்து மெல்லத் தட்டினான். எறும்புகளோடு கறுப்பாக இன்னொன்றும் விழுந்தது. அது நகரவில்லை. எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். எங்கேயும் பிய்யாத வால்டியூப்.

நான் ஏரியைப் பார்த்தேன். ஏரியில் ஒன்றும் விசேஷமில்லை.

அவன் ரப்பரைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். என் தலைமாட்டில் கிடந்த, மென்று துப்பிய குச்சியையும் எடுத்துப் பார்த்தான். கிழக்கே வெயில் ஏறியிருந்தது. இரண்டு முடிச்சையும் நடுவில் விரித்து, இருப்பதிலேயே பெரிய உருண்டையை என் பக்கம் தள்ளினான்.

"சாப்புடுடா. ராத்திரி குச்சியில வெல்லம் தூக்கல்னு சொன்னியே, இதுல எப்படி இருக்குதுன்னு சொல்லு."