சும்மா இருக்கக் கப்பல் ஏறியவர்

டூர் வேலையில் ஊர் சுற்றிக் காட்டும் நாள் பெரிய பாடே இல்லை. சுற்றிக் காட்ட ஊரே இல்லாத நாள்தான் பாடு.

விருதுநகரில் ஒரு டிராவல்ஸ் அலுவலகத்தில் இருக்கிறேன். புது ஆள் முகத்தைப் பார்த்துப் பேச வராத நான் இந்த வேலைக்கு எப்படி வந்தேன் என்று கேட்காதீர்கள். ஆங்கிலம் படித்திருக்கிறேன், பாஸ்போர்ட் இருந்தது, வேறு யாரும் விண்ணப்பிக்கவில்லை. பயணிகளின் பின்னாலேயே குடையைப் பிடித்துக்கொண்டு ஓடும் சக பாவிகளுக்காக இதை எழுதுகிறேன். நான் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனது சிங்கப்பூரில் ஏறி ஜப்பானில் இறங்கும் நீண்ட கப்பல் பயணம். பாதி நாட்கள் கப்பல் எந்தத் துறைமுகத்தையும் தொடாது. அதற்குக் கடல் நாள் என்று பெயர். விளம்பரத்தில் அன்றைக்கு ஒரு ஜோடி சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிச் சிரித்துக்கொண்டு கிடக்கும். எங்களிடம் வந்த ஜோடியைப் பற்றி இனி சொல்கிறேன்.

மகன் ஒப்படைத்த அப்பா

தவமணி அண்ணாச்சிக்கு நாரணாபுரம் பக்கம் பட்டாசு கம்பெனி. டிக்கெட் போட வந்தது அவருடைய மகன் பிரபு. வீட்டில் எல்லாம் பேசி முடித்தாகிவிட்டதாம். தீபாவளி சீசன் முடிந்ததும் அப்பாவும் அம்மாவும் கப்பலில் போவார்கள். ஊர் திரும்பிய மறுநாள் கம்பெனிச் சாவி மகன் கைக்கு வரும், அண்ணாச்சி வீட்டில் ஓய்வெடுப்பார். ஓய்வு என்றால் என்னவென்றே தெரியாத மனிதர், கப்பலில் கொஞ்சம் பழகிக்கொள்ளட்டும் என்று பிரபு விளக்கினான். நாய்க்குட்டியைப் பழக்குவதற்கு விடுகிறவர்கள் பேசுவது போல இருந்தது.

கூட வந்திருந்த அம்மா செல்வக்கனி அக்காவுக்கும் அதே ஆசைதான். என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "கல்யாணம் முடிஞ்ச நாள்ல இருந்து சீசன், லோடு, ஆர்டருன்னே ஓடிட்டாக பாப்பா. இனிமேயாவது எங்கூட உக்காந்து ஒரு காப்பி குடிக்கட்டும்."

மணல் வாளி

முதல் கடல் நாள் மத்தியானம் கப்பல் அரங்கில் மந்திரக் காட்சி. மந்திரவாதி ஒரு தாளைப் பற்ற வைத்து மேலே எறிந்தான். புஸ்ஸென்று ஒரு வெளிச்சம், அவ்வளவுதான். கூட்டம் கை தட்டியது. அண்ணாச்சி மட்டும் எழுந்து நின்று, "மணல் வாளி எங்கன இருக்கு?" என்று கேட்டார். மேடைக்கு ஆள் தேடிக்கொண்டிருந்த மந்திரவாதி, இவர் ஆசைப்பட்டு எழுந்ததாக நினைத்து அழைத்துவிட்டான்.

மேடையேறிய அண்ணாச்சி, நீட்டிய தொப்பியைக் கண்டுகொள்ளவில்லை. திரைச்சீலையைக் கசக்கி நூலா நைலானா என்று பார்த்தார். பின்கதவை இழுத்து, பூட்டியிருக்கிறதா என்று பார்த்தார். பிறகு நீளமாக ஒன்று சொன்னார். அத்தனை பேர் முன்னால், மைக்கில், நான் அதை மொழிபெயர்க்க வேண்டுமாம். "அவருக்கு நிகழ்ச்சி ரொம்பப் பிடித்திருக்கிறது" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். அரங்கமே ஆரவாரம் செய்தது. அவர் உண்மையில் சொன்னது இதுதான்: "எங்கம்பெனியில வெடிமருந்து ரூமுல நாலு பேருக்கு மேல நின்னா அதிகாரிக வந்து சீல் வைக்கிறாக. இவன் ஆயிரம் பேரை ஒரே ரூமுல அடைச்சு வச்சுத் தீயைக் கொளுத்துறான், நீங்க கை தட்டுறீக."

பால்கனியில் காப்பி

அக்கா ஆசைப்பட்ட காப்பி மறுநாள் நடந்தது. ராத்திரிச் சாப்பாடு சைவமா என்று கேட்கப் போன நான் அறை வாசலில் நின்றபடி பார்த்தேன். பால்கனியில் இரண்டு நாற்காலிகள், எதிரே கண்ணுக்கு எட்டிய வரை கடல். அண்ணாச்சி கொஞ்ச நேரம் பார்த்தார். இத்தனை இடத்தையும் எவனோ சும்மா போட்டு வைத்திருக்கிறானே என்கிற முகம். கைப்பிடிக் கம்பியை விரலால் தடவி, "உப்புக் காத்து, திரி நமத்துப் போகும்" என்றார். அதோடு அவருக்குக் கடல் தீர்ந்துவிட்டது. மிச்சம் இருந்தது அக்காதான்.

காப்பியை ஏன் ஆற்றி ஆற்றிக் குடிக்கிறாய், ஒரே வாயில் குடித்தால் என்ன என்றார். காலையிலிருந்து எதற்கு இரண்டு தடவை தலை சீவினாய் என்றார். குளியலறைக்குள் போனால் உள்ளே அப்படி என்னதான் செய்கிறாய் என்றார். சேலை மடிப்பதைப் பார்த்துவிட்டு, இதே மடிப்பை இன்னும் சீக்கிரம் மடிக்கலாம் என்று மடித்துக் காட்டினார். சத்தம் போடவில்லை, கம்பெனியில் சுற்றி வரும்போது பேசுகிற அதே பொறுமையான குரல்தான். அக்கா என்னை லிஃப்ட் வரைக்கும் கொண்டு விடுகிற சாக்கில் வெளியே வந்தார். "எரநூறு பேரை மேச்ச மனுசன் பாப்பா. இப்ப அம்புட்டு பேரும் சேந்து நான் ஒருத்தியா நிக்கிறேன்."

துண்டு யானை

கப்பலில் அறை சுத்தம் செய்கிறவர், போகும்போது துண்டை மடித்து யானை, குரங்கு என்று ஏதாவது செய்து கட்டில்மேல் வைத்துவிட்டுப் போவார். மற்ற பயணிகள் அதைப் படமெடுத்து ஊருக்கு அனுப்புவார்கள். இந்தக் கூட்டத்துக்கு அதுவே பெரிய கலை. அண்ணாச்சி நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து அந்தப் பிலிப்பைன்ஸ்காரர் வேலை செய்வதைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை பார்த்தார். கட்டிலுக்கு அடியில் டார்ச் அடித்தார். யானைக்கு ஒரு காது சின்னதாக இருக்கிறது என்று பிரித்து மறுபடி செய்யச் சொன்னார்.

அந்தப் பிலிப்பைன்ஸ்காரர் அடுத்த நாள் என்னைத் தாழ்வாரத்தில் நிறுத்தி, பணிவாகக் கேட்டார்: "மேடம், சாரை அனுப்பியது எங்கள் தலைமை அலுவலகமா?"

பியானோவுக்குப் பின்னால்

கடல் நாட்கள் கூடக் கூட, அக்கா கப்பலில் நடக்கும் வகுப்புகளுக்கெல்லாம் போகத் தொடங்கினார். கேரட்டில் ரோஜா செதுக்கும் வகுப்பு, நீச்சல் குளத்தங்கரை நடனம், எதுவும் விடவில்லை. எதிலும் ஆர்வம் கிடையாது. அங்கெல்லாம் அண்ணாச்சி வர மாட்டார், அதுதான் காரணம்.

தனியாக விடப்பட்ட அண்ணாச்சி இன்டர்நெட் வாங்கிவிட்டார். நடுக்கூடத்துப் பியானோவுக்குப் பின்னால் குனிந்து உட்கார்ந்து, அங்கே மழை பெய்கிறதா, காயப்போட்ட சரக்கை உள்ளே எடுத்தாயிற்றா என்று ஃபோர்மேனிடம் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் போட்ட சத்தத்தில் பியானோ வாசித்தவர் தாளத்தை விட்டுவிட்டார். அன்று மாலையே பிரபு எனக்குப் போன் செய்தான். அப்பா இப்படிச் செய்தால் யார் என்னை முதலாளி என்று மதிப்பார்கள் என்று ஒரே புலம்பல். நான் என்ன செய்வது என்று கேட்டேன். "அங்கன சுத்திக் கடல்தானே கிடக்கு. அதைக் காட்டுங்க மேடம்."

கடைசிக் கடல் நாள்

மறுநாள் கரை. காலைச் சாப்பாட்டு மேஜையில், இட்லி என்ற பெயரில் வைத்திருந்த ஒன்றை அண்ணாச்சி அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா என்னை மகனுக்குப் போன் போடச் சொன்னார். அண்ணாச்சிக்கும் கேட்கட்டும், ஸ்பீக்கரில் போடு என்றார்.

"ஏலே பிரபு, உங்கப்பா சொன்ன சொல்லு மாறலை, சாவி உனக்குத்தான். இன்னொரு சாவி அடிச்சு வையி, எனக்கு."

"உனக்கு எதுக்கும்மா?"

"ஊருக்கு வந்த மறுநாள்ல இருந்து நானும் கம்பெனிக்கு வாரேன். காலையில உன் வண்டியிலயே ஏறிக்கிடுறேன்."

"அங்க வந்து நீ என்னம்மா செய்வ? அப்பா கூட வீட்டுல இரு. அதுக்குத்தானே இம்புட்டும்."

"லைசென்ஸ் யாரு பேருல இருக்கு?"

கம்பெனி தொடங்கிய நாளில், ஜோசியர் ராசி பார்த்து, அக்கா பேரில் எடுத்த லைசென்ஸ். அதன் பிறகு காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவதோடு அக்காவின் வேலை முடிந்துவிடும். அப்பாவும் மகனும் யாருக்கு யார் கொடுப்பது என்று பேசி முடித்தபோது இது இருவருக்குமே ஞாபகம் வரவில்லை.

அண்ணாச்சி தட்டைத் தள்ளி வைத்தார். "அப்ப நான் வீட்டுல ஒத்தையில கிடந்து என்ன செய்ய?"

"சும்மா இருங்க. அதுக்குத்தான பிள்ளை காசு கட்டிப் பழக்கிருக்கான்."

பயணம் தொடங்கியதிலிருந்து அண்ணாச்சி முகத்தில் இல்லாத ஒரு தெளிவு வந்தது. முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து அக்காவைக் கேட்டார்: "நம்ம வீட்டுச் சமையக்காரம்மா காலையில எத்தனை மணிக்கு உள்ள வாரா?"

ஆகவே சக பாவிகளே, அப்பா அம்மாவைக் கப்பலில் ஏற்றி அனுப்ப மகன்கள் வந்தால் நான் இப்போதெல்லாம் பாஸ்போர்ட்டைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டு, கம்பெனி யார் பேரில் இருக்கிறது என்பதைத்தான் முதலில் கேட்கிறேன்.