மையவாடியில் மூடியிருந்த கை

என் கணவரின் வலது கையை மையவாடியில் அடக்கிப் பல மாதமாகியும் அது அவரை விடவில்லை.

வலையிலிருந்து மீன் கழற்றும்போது கெளுத்தி முள் குத்தியது. சீனி வருத்தக்காரர், புண் ஆறாமல் கறுத்து மேலே ஏறியது. ஆஸ்பத்திரியில் முழங்கைக்குக் கீழே வெட்டினார்கள். வெட்டிய உறுப்பையும் மண்ணில் அடக்குவது எங்கள் வழக்கம். துணியில் சுற்றி அடக்கியவன் என் தம்பி. விரல்கள் உள்ளே மடங்கிக் கிடந்தன என்று அவன் வாய்தவறிச் சொன்னதுதான் வினையானது.

“மடிச்சபடியே பொதைச்சிட்டான். நகம் உள்ளங்கையில குத்துது!” என்று கத்துவார்.

சுவரில் தலையை மோதுவார். ஒருநாள் அலுமாரிக் கண்ணாடியை மொட்டைக் கையாலேயே அடித்து உடைத்தார். ஆறிய தழும்பு பிளந்து நிலமெல்லாம் இரத்தம். இன்னொரு நாள், வலிக்கு விழுங்கக் குளிசையை நீட்டிய என் கழுத்தை இடது கையால் பிடித்துச் சுவரோடு நெரித்தார். நான் சத்தம் போடவில்லை. அடுத்த வீட்டுக்குக் கேட்டுவிடுமே என்ற வெட்கம் மூச்சு முட்டும்போதும் எனக்கு இருந்தது.

பிறகு மீன் வெட்டும் கத்தியைத் தலையணைக்குக் கீழே வைக்கத் தொடங்கினார்.

“தோளோட வெட்டு புள்ள. நீ வெட்டாட்டி நானே வெட்டுவன்.”

அவர் சொன்னதைச் செய்கிறவர். பயந்துபோய்த் தம்பியிடம் சொன்னேன். அன்று பின்னேரம் அஸர் தொழுதபின் மண்வெட்டியோடு மையவாடிக்குப் போனான். திரும்பும்போது கையெல்லாம் மண்.

“தோண்டி எடுத்து ஒவ்வொரு விரலா விரிச்சிட்டன் மச்சான். பெருவிரல்தான் பிடிவாதம், உங்களப் போலவே.”

இவர் கண்ணை மூடிக்கொண்டார். “ஓம்... ஓம், விரியுது,” என்றார். அப்படியே பாயில் சாய்ந்து தூங்கிப்போனார். அதன்பின் பல கிழமை வலி வரவில்லை. கத்தி குசினிக்குத் திரும்பியது.

மையவாடியைப் பார்த்துக்கொள்கிறவர்தான் தேத்தண்ணிக் கடையில் வைத்து இவரிடம் உண்மையைச் சொல்லியிருக்கிறார். “அடக்கினதத் தோண்ட நாங்க விடுவமா? உங்கட மச்சினன் வேலிக்கு வெளிய நின்டு மண்ணப் பூசிக்கொண்டு போனான்.”

அன்று பகல் தம்பி எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். உள்ளே வந்தவர் சோற்றுக் கோப்பையை உதைத்தார். அவனைத் தள்ளி, நெஞ்சில் முழங்காலை ஊன்றி, மொட்டைக் கையால் வாயிலேயே குத்தினார். சோற்றில் இரத்தமும் பல்லும் கிடந்தன.

“பொய்க்காரனே! என்ட கையோடயா விளையாடினாய்?”

எழுந்து குசினிக்குப் போய்க் கத்தியோடு வந்தார். நான் நடுவில் நின்று, வாழ்க்கையில் முதல் தடவையாகத் தெருவுக்கே கேட்கக் கத்தினேன்.

“வெட்டுறதெண்டா என்ன வெட்டுங்க!”

ஓங்கிய கை அப்படியே நின்றது. முகம் கோணியது. கத்தி விழ, மொட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு சுருண்டார். “மூடிட்டுது... திரும்பவும் மூடிட்டுது.”

தம்பி இரத்தத்தைத் துப்பினான். “நான் சொன்னது பொய்தான் மச்சான். அண்டைக்கு வலி போனதும் பொய்யா?”

இவர் வெகுநேரம் அரற்றிவிட்டு மொட்டைக் கையை அவன் முன்னால் நீட்டினார்.

“விரி.”

“எதை?”

“இதத்தான். நான் பாத்துக்கொண்டிருக்க விரி.”

வீங்கிய வாயோடு தம்பி, கை இருந்திருக்க வேண்டிய இடத்தில் வெறும் காற்றைப் பிடித்து, பெருவிரலிலிருந்து ஒவ்வொன்றாக விரித்தான். சின்னவிரல் வரும்போது இவர் அழுதுகொண்டிருந்தார். வலி குறைந்திருந்தது.

கிளினிக் டொக்டரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். கை போனாலும் மூளை அதை இன்னும் வைத்திருக்கிறது என்றார். நம்பிக்கை வலியைக் குறைக்கும், வெறும் நடிப்பென்று தெரிந்தாலும் சிலருக்குக் குறையும். குளிசையை மட்டும் நிறுத்த வேண்டாம் என்றார்.

இப்போது நான்தான் விரித்துவிடுகிறேன். சில நாள் விரியாது. அந்த நாட்களில் கத்தி அடுத்த வீட்டில் இருக்கும். நானேதான் கொண்டுபோய்க் கொடுப்பேன். ஏன் என்றும் முதல் நாளே சொல்லிவிட்டேன்.