முடிஞ்சுதுக்காரர் எடுத்த நல்ல படம்

தெருவில் எல்லோரும் அவரை முடிஞ்சுதுக்காரர் என்றுதான் சொல்வார்கள். பாஸ்போர்ட் படம் எடுக்க வருகிறவர்களை ஸ்டூலில் உட்கார வைத்து, தாடையைத் தூக்கு, தோளை இறக்கு என்று பாடாய்ப் படுத்தி ஒரு படம் எடுப்பார். "முடிஞ்சுது, எந்திரிங்க" என்பார். வந்தவர் அப்பாடா என்று உடம்பைத் தளர்த்துகிற நேரம் பார்த்து இன்னொரு தடவை கேமராவைச் சொடுக்கிவிடுவார். முதல் படம் வந்தவருக்கு, இரண்டாவது தனக்கு. முதல் படத்தில் இருப்பது ஆள் இல்லை, ஆள் மாட்டிக்கொண்ட மூஞ்சி என்பது அவர் கட்சி.

இந்த இரண்டாவது படங்கள் மேல் அவருக்குப் பைத்தியம். கல்யாணத்தில் மணமக்களை எடுக்கச் சொன்னால், நாற்காலியில் வாய் பிளந்து தூங்கும் மாமாவை எடுத்து வந்து வாங்கிக் கட்டிக்கொள்வார். சாப்பாட்டில் கை வைத்தவர் பாதியில் எழுந்து சன்னலுக்குப் போவார், வெளிச்சம் மாறிவிட்டதாம். ஓவியம் வரைகிறவனுக்குக் கிடைக்கும் மரியாதை ஒரு நாளாவது தனக்கும் கிடைக்க வேண்டும் என்ற ஆசை அவரை ஓரிடத்தில் இருக்கவிட்டதே இல்லை.

அந்த மரியாதை ஒருநாள் காலையில் கடைப்படி ஏறி வந்தது. நகர மண்டபத்தில் கண்காட்சி நடத்தும் அம்மாள், அவருடைய படப்பெட்டியை மணிக்கணக்காகக் கிளறினார். அடியில் கிடந்த ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். சாவு வீட்டின் உள்ளறை. கட்டில் விளிம்பில் தனியாக ஒரு பெண். கண் மட்டும் அறை வாசலையே பார்க்கிறது.

"சார், நுழைஞ்ச உடனே இதுதான் கண்ணுல படணும். இந்தப் பொண்ணு எதைத் தேடுது? அதைச் சொல்லாம விட்டிருக்கீங்களே, அதுதான் சார் கலை. இது இருந்தா ஒரு சுவரு முழுக்க உங்களுக்குத்தான். அவங்க சம்மதம் மட்டும் கேட்டு சாயங்காலத்துக்குள்ள சொல்லிடுங்க."

முடிஞ்சுதுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. அது தன் மனைவி என்றோ, அவள் அப்பா இறந்த அன்று எடுத்தது என்றோ, இத்தனை வருடமாக அவள் கண்ணில் காட்டவே இல்லை என்றோ சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. மத்தியானமே கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு ஓடினார்.

அவள் சன்னலோரம் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். இவர் கதவுக்கும் அலமாரிக்கும் நடந்தார்.

"உக்காருங்களேன். எனக்குத் தலை சுத்துது."

பேச்சுக்கு முன்னால் படத்தை நீட்டிவிட்டார். கண்காட்சி விஷயத்தைப் பிறகு குளறிக் குளறிச் சொன்னார். அவள் கேட்டாளா என்று தெரியவில்லை. படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது அப்பா போன அன்னைக்கு எடுத்ததா?"

"ஆமா."

"எங்க நின்னு எடுத்தீங்க?"

"சன்னலுக்கு வெளிய. வாசப்பக்கம் வந்தா நீ பாத்துடுவே. மூஞ்சி மாறிடும்னு..."

"உங்களைத்தான் தேடிக்கிட்டிருந்தேன்" என்றாள் அவள். குரல் உயரவில்லை. "யார் யாரோ வந்து கையைப் பிடிச்சுட்டுப் போனாங்க. இந்த மனுஷன் எங்க போனாருன்னு வாசலையே பாத்துக்கிட்டிருந்தேன். நீங்க அந்தப் பக்கம் நின்னு என்னைப் படம் எடுத்துக்கிட்டிருந்திருக்கீங்க."

அவருக்குச் சுருக்கென்றது. என்ன செய்வதென்று தெரியாமல் போனை எடுத்து, அவள் எதிரிலேயே அந்த அம்மாளைக் கூப்பிட்டார்.

"அந்தப் படம் வேண்டாங்க."

"என்ன சார், அதை நம்பித்தானே சுவரையே ஒதுக்கினேன். அது இல்லேன்னா இந்தத் தடவை கஷ்டம்."

"சரிங்க."

நல்ல காரியம் செய்தோம் என்ற நிம்மதி துளியும் வரவில்லை. கைக்கு வந்த சுவர் போய்விட்டது. அவள் மேல் கோபம் வந்தது, கோபப்பட முகம் இல்லாமலும் இருந்தது.

"எனக்காக விட்டுக் கொடுத்தேன்னு நாளைக்குச் சொல்லிக் காட்டாதீங்க" என்றாள் அவள். "படம் நல்லாத்தான் இருக்கு. அதுதான் எனக்கு ஆத்திரமா வருது."

சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பினாள். சன்னல் வெளிச்சம் அவள் கன்னத்தில் பாதிவரை விழுந்து நின்றது. பாழாய்ப்போன கண், இந்த நேரத்திலும் அதைப் பார்த்துவிட்டது. வலதுகை ஆள்காட்டி விரல் தானாக மடங்கியது. அவள் அதைக் கவனித்துவிட்டாள்.

"கேமரா எங்க?"

"கடையில."

"அப்ப கொஞ்ச நேரம் இங்க உக்காருங்க."

மடித்த துணிகளைத் தள்ளிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் சத்தமில்லாமல் அழ ஆரம்பித்தாள். அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். முகத்தை மட்டும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. பார்த்தால் படமாகத்தான் தெரியும் என்று பயமாக இருந்தது.